வீட்டுக்கு வந்து சேராத ரொட்டி

என் பேச்சியம்மாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் முதலில் வாய் வருகிறது. உன்னிடம் அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன், இருக்கட்டும்.

நீ போனது, காஸ் சிலிண்டருக்கு ஜனங்கள் ரோட்டோரம் படுத்துக் கிடந்த வருஷம். கடையில் பால்மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கொழும்பில் ஆட்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை டீவியில் காட்டியது உனக்குத் தெரியாது, நீ போனது அதற்கு முந்தின வியாழக்கிழமை. ஆட்டோவுக்குப் பெட்ரோல் தேடி நான் அலைந்த கதையை இப்போது எடுக்கவில்லை. அது உனக்கே தெரியும். நீ அந்த ஆட்டோவுக்குள்தானே கிடந்தாய்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் மகேஸ்வரி எழுதுகிறாள். "நாலு பேர் படிப்பாங்க மாமா, பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். படிக்கட்டும். நாலு பேருக்கு முன்னால்தானே நான் தலை குனிந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷப் படையலுக்கு உன் இலையில் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். ரெண்டாம் வருஷமும் அதுதான். அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று மகேஸ்வரி கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கருவாடு, கத்தரிக்காய் போட்டு, உறைப்பாக என்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவை அதைத்தானே நீ ஆக்குவாய்? அவளும் நம் மகனும் அத்தனை வருஷம் கொழும்பில் இருந்தவர்கள். நான் சொன்னதுதான் அவர்களுக்கு வேதம்.

மூணாம் வருஷம் செல்லாயி வந்தாள். உன்னோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து, ஒரே நாளில் பென்ஷன் வாங்கிய அதே கீழ் லயத்துச் செல்லாயிதான். அதற்கு முந்தின ரெண்டு வருஷமும் கொஸ்லந்தயில் மகள் வீட்டில் இருந்துவிட்டாள். கம்பை ஊன்றி வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றாள். கண்ணை இடுக்கி இலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இது யாருக்கு வச்ச எல?"

பேச்சிக்குத்தான், வேறு யாருக்கு என்றேன்.

"அவளுக்கா? கருவாட்டு வாடையே அவளுக்குக் கொமட்டுமே. மூச்சப் புடிச்சுக்கிட்டில்ல ஆக்குவா."

நம் லயத்துக் காம்பரா அறைக்குள் இருபது பேர் இருந்தார்கள். மகன் என்னைப் பார்த்தான், நான் விளக்கைப் பார்த்தேன். கருவாடு யாருக்குப் பிடிக்கும் என்று அங்கே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மூணு வருஷமாக உன் இலையில் எனக்குப் படைத்திருக்கிறேன்.

"அப்ப அவளுக்கு என்னதான் புடிக்கும்?" என்று கேட்டேன். கட்டியவன் ஊரான் வீட்டுப் பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா இது, பேச்சி?

என் ஞாபகத்தைப் பற்றி ஊரே பேசும். எந்தக் கங்காணி எந்த வருஷம் எந்த மலையைப் பார்த்தான், யார் கலியாணத்துக்கு மழை பெய்தது, எல்லாம் சொல்வேன். அன்று ராத்திரி முழுக்க தேடினேன். நீ தட்டு வைப்பது வந்தது, சோறு போடுவது வந்தது, நான் எழுந்த பிறகு அடுப்போரம் முதுகைக் காட்டி உட்காருவதும் வந்தது. நீ மெல்வது மட்டும் வரவில்லை. ஐம்பது வருஷத்தில் நீ மெல்வதை நான் பார்த்ததே இல்லை.

செல்லாயிதான் சொன்னாள். மாசத்துக்கு ஒரு தரம் பிரஷர் மாத்திரைக்குப் பண்டாரவளை கிளினிக்குக்குப் போவீர்களே, நீ, செல்லாயி, முத்துமாரி, லெச்சுமி நாலு பேரும். நான் ரோடு வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிடுவேன். திரும்பும்போது நீங்கள் வழியில் எல்ல டவுனில் இறங்கிவிடுவீர்களாம். ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு இத்தாலிக்காரக் கிழவரின் சின்னக் கடை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்ற உங்களை அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாராம். அன்றிலிருந்து மாசா மாசம் நாலு பேருக்கு ஒரு பீட்சா. அவருக்கு ரொட்டித் தொரை என்று பேர் வைத்ததும் நீதானாமே.

கிளினிக் போய் வருகிற நாளில் உன் முகம் தெளிவாக இருக்கும். மாத்திரை நல்ல மாத்திரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரொட்டி எப்படி இருக்கும் என்று செல்லாயியிடம் கேட்டேன். மெல்லிசு என்றாள். ரெண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தொங்காமல் நிற்குமாம். அடியில் கரிப் புள்ளி. மேலே தக்காளி, இங்கொன்று அங்கொன்றாகக் கொஞ்சம் சீஸ், துளசி மாதிரி ஒரு இலை. சாமி இலையைத் திங்கக்கூடாது என்று முத்துமாரி முதல் நாள் அதை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாளாம். கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். தொரை பக்கத்தில் நின்று காது கொடுப்பாராம். சத்தம் கேட்காவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு சுட்டு வருவாராம்.

"மொதத் துண்டு அவளுக்குத்தான். நாங்க தொட மாட்டோம்" என்றாள் செல்லாயி.

நம் வீட்டில் கடைசியாகத் தின்ற நீ, அங்கே முதல் ஆளா?

சரி, அடுத்த முறை உன் இலையில் அது இருக்கும் என்று மனதுக்குள் முடிவு பண்ணினேன். ஒரு தரமாவது உனக்கென்று உள்ளதை உனக்கு வைக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு இந்த உலகத்தில் வேலை ஒன்றும் பாக்கி இல்லை.

எல்லயில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மசாஜ் பண்ணுகிறார்கள். ரொட்டித் தொரை கொரோனா காலத்தில் ஊருக்குப் போனவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம், இடத்துக்காரர் சொன்னார். அதனால் மெயின் ரோட்டில் பெரிய போர்டு போட்ட இத்தாலிக் கடைக்குப் போனேன். மெனுவைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு அதில் படம்தான் தெரியும், படத்தில் மெல்லிசு எப்படித் தெரியும்? நகத்தைக் காட்டி, இவ்வளவு கனம் என்றேன். அந்தப் பையன் சிங்களத்தில் "சீயா, சீயா" என்று, அதாவது தாத்தா தாத்தா என்று மரியாதையாகத்தான் பேசினான். கொண்டுவந்தது மெத்தை. அதையும் பார்சல் கட்டி எடுத்து வந்தேன். செல்லாயிக்குக் கண் மங்கல். வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது பணிஸ் அண்ணே, டீயில தொட்டுத் திங்கிற பணிஸ்" என்றாள்.

பதுளை டவுனில் ஒன்று வாங்கினேன். கோழி, சோசேஜ், மிளகாய் என்று மேலே ஒரு கலியாண விருந்தே இருந்தது. ரொட்டி எங்கே என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். பண்டாரவளையில் ரெண்டு கடை. ஒன்றில் மெல்லிசு இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார்கள். தோலுரித்த தோசை மாதிரி வளவளவென்று இருந்தது. ஒவ்வொன்றையும் செல்லாயியிடம் கொண்டுபோவேன். அவள் கையில் வாங்கி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, காதுகிட்ட வைத்து ஒடித்துப் பார்ப்பாள். இல்ல அண்ணே. இதுவும் இல்ல அண்ணே. அவள் பேரப்பிள்ளைகள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அப்புறம் நம் பஸ் போகிற ரோட்டிலேயே ஒன்று கிடைத்தது. பசறையில் இருந்து எல்ல போகும்போது, டவுனுக்கு ஒரு மைல் முன்னால், சரிவில் ஒரு சின்ன வீடு. இத்தாலியில் இருபது வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய சிங்களவர் ஒருத்தரும் அவர் சம்சாரமும் நடத்துகிறார்கள். நாலு மேசை. களிமண் அடுப்பு, எரிப்பது பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டை. அவர் மாவைக் கையாலேயே விரித்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடுப்பு நெருப்பு தெரியும் போல இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை கடித்தாள். பேச்சி, சத்தம் கேட்டது.

உடனே பார்சல் கேட்டேன். அந்த மனுஷன் வேண்டாம் என்றார். இங்கேயே உட்கார்ந்து சூட்டோடு சாப்பிடுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உனக்கு வைக்கப்போகிற பண்டத்தை உனக்கு முன்னால் நான் தின்னக்கூடாது என்று நினைத்தேன். என் ஆயுசில் அப்படி நினைத்தது அன்று ஒரு நாள்தான்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வளைவில் எல்லாம் தூக்கிப் பிடித்தேன். நேரே செல்லாயி வீடு. அவள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அது ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

இல்லை என்றுதான் சொல்வாள் என்று பார்த்தால், அவள் குனிந்து அதை முகர்ந்து பார்த்தாள். அப்புறம், "அங்க தின்னீங்களா, சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள். தின்னவில்லை, பார்சல்தான் என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, இத அங்கேயே உக்காந்துதான் திங்கணும். ஒருநா பேச்சி உங்களுக்குனு பார்சல் கேட்டா. தொரை தரமாட்டேன்னுட்டாரு. வீடு போறதுக்குள்ள செத்துப்போயிரும்னாரு. நாங்க அவளுக்குக் கவலையா இருக்கும்னு பாத்தா, அவ சொல்றா, 'நல்லதாப் போச்சு. இது ஒண்ணாவது வீட்டுக்கு வராது'னு."

இதை எழுதும்போது மகேஸ்வரி பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

நீ எனக்கென்று கேட்டிருக்கிறாய். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் கிடைக்காது என்றதும் உனக்கு ஒரு சந்தோஷம் வந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் இல்லை. சொல்லியிருந்தால் கிழவிகளுக்கு வந்த கேட்டைப் பார் என்று சிரித்திருப்பேன். அடுத்த மாசம் நானும் பஸ் ஏறியிருப்பேன். முதல் துண்டை நீ என் பக்கம் தள்ளியிருப்பாய்.

செல்லாயியைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவுக் கடைக்குப் போகலாம், ரெண்டு பேரும் உன் பேரைச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து தின்னலாம் என்று பேசிக்கொண்டோம். அந்த மாசமே சீனி வியாதியில் அவள் காலை எடுத்தார்கள். அவளை லயத்துப் படி இறக்கவே நாலு ஆள் வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய மழை. நமுனுகுலப் பக்கம் மலை சரிந்து ரோடு போனது, ரயில் பாதை போனது. ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அந்தச் சரிவில் வீடு இல்லை, செம்மண்தான் இருந்தது. புருஷனும் பெண்சாதியும் முந்தின நாளே இறங்கிப் போனதால் தப்பினார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுப்பில் ஒரு பக்கம் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் உட்கார்ந்தே தின்கிறேன். வெட்கமாக இருந்தாலும் உட்காருகிறேன். கடித்துவிட்டுக் காது கொடுக்கிறேன். சத்தம் வரவில்லை. எண்பது வயசுப் பல்லுக்கு இனி வருமா என்பதும் தெரியவில்லை.

தினமும் செல்லாயியைப் போய்ப் பார்க்கிறேன். எப்படி இருந்தது, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்கிறேன். முன்பெல்லாம் அலுக்காமல் சொல்வாள். போன மாசம் அதில் சீனி போட்டிருக்கும் என்றாள். நேற்றுக் கேட்டபோது, "எந்த ரொட்டி அண்ணே?" என்றாள். நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தொரை, கரிப் புள்ளி, கொண்டையில் செருகிய இலை, உனக்கு முதல் துண்டு. யாரோ வீட்டுக் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னும் ரெண்டு மாசத்தில் நாலாவது படையல். உன் இலையில் இனிக் கருவாடு இருக்காது, பேச்சி. சோறும் கீரையும் வைத்து, நடுவில் ஒரு துண்டு அளவு இடத்தை வெறுமையாக விடுவேன். சொந்தக்காரர்கள் என்ன கேட்டாலும் அங்கே ஒன்றும் வைக்க விடமாட்டேன். நீ விரும்பியதை நான் கொண்டுவந்து சேர்க்கப்போவதில்லை. அது வீட்டுக்கு வரக்கூடாது என்று நீ சொன்னதையாவது காப்பாற்றுகிறேன்.

முத்துமாரி உனக்கு முன்னால் போனாள். லெச்சுமி போன தைப்பொங்கலுக்குப் போனாள். அந்த மேசையில் உட்கார்ந்த நாலு பேரில் உயிரோடு இருப்பது செல்லாயி ஒருத்திதான்.

கைநாட்டுடன்,
உனக்கு முன்னால் எப்போதும் தின்று எழுந்த
உன் வீட்டுக்காரன்