வெயிலும் படாது, கண்ணும் படாது

சித்திரை, வெள்ளிக்கிழமை இரவு

இன்று மதியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தையும் நானும் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் போனோம். துபாயில் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, மதியம்தான் கூப்பிடுவார். பிறந்து மூன்று மாதமாகியும் மகள் குரலை அவர் கேட்டதில்லை.

கிளம்பும்போதே, அவர் அனுப்பிய கனத்த டர்க்கி டவலால் பிள்ளையைத் தலையோடு காலாக மூடிவிட்டார் அத்தை. “வெயிலும் படாது, ஊர்க் கண்ணும் படாது.” குடை இருக்கிறதே என்றேன். “குடைக்குள்ள எல்லாரும் எட்டிப் பாப்பாங்க” என்றார். நானும் விட்டுவிட்டேன். வழியில் பிள்ளை சிணுங்கியது. பிறகு சத்தமே இல்லை. தூங்கிவிட்டது என்று நினைத்தோம்.

பூத்தில் டவலை விலக்கினால் முகம் சிவந்து கிடக்கிறது. முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. பூத்துக்காரர் ஃபேனைத் திருப்பிவிட்டார். சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, பால் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறிஞ்சத் தொடங்கியது. அப்போது போன் அடித்தது.

“புள்ள சத்தம் கேக்கலையே?”

“பால் குடிக்குதுங்க.”

“இந்த வெயில்லயா தூக்கிட்டு வந்தே? சரி, அடுத்த வாரம் கேட்டுக்குறேன். நானே வெளிய ரொம்ப நேரம் க்யூவுல நின்னுதான் வந்தேன். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

வைத்துவிட்டார்.

திரும்பும்போது அத்தை டவலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிள்ளைக்குப் பிடித்து வந்தார். எட்டிப் பார்த்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை இப்போது நன்றாகத் தூங்குகிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், சூடு இல்லை. அவர் நின்ற க்யூவில் நிழல் இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை.