கட்டிலுக்கடியில் ஒரு பை

மார்ச் 4
மனநல அமைப்புக்காரர்கள் தம்பிக்கு வாடகை வீட்டுச் சாவி கொடுத்துவிட்டார்கள். நான்கு பேருக்கு நான்கு அறை, ஒரே சமையலறை. மகளின் பாடப்புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். ஒப்பந்தத்தை மூன்று தடவை வாசித்தேன். அவன் பெயரிலேயே இருக்கிறது. மாத்திரை தவறினாலும் வெளியேற்ற மாட்டார்களாம். அதெப்படி? யார் இவர்களைக் கட்டி மேய்ப்பது?

அங்கே வந்துபோகும் உதவியாளர் பெண்ணிடமே கேட்டேன். “மேய்க்க வரலைம்மா. கூப்பிட்டா வருவோம்” என்று சிரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
யாருக்கு எந்த நாள் சமையல் முறை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஞாயிறு தம்பி. என் வீட்டில் தட்டுகூடக் கழுவாதவன்!

பக்கத்து அறைக்காரர், பழைய பஸ் டிரைவர், “உங்க தம்பி உப்பைக் கண்ணுலயே காட்டல” என்றார்.

“பேசாம சாப்பிடுண்ணே, பிரஷர் ஏறும்” என்றான் இவன். கேலி பேசுகிறான்! எத்தனை வருஷமாயிற்று!

ஆனால் கட்டிலுக்கடியில் அதே நீலப் பை, துணியோடு, மூடியபடி. என் வீட்டிலும் அப்படித்தான் வைத்திருந்தான். மூன்று தடவை அதைத் தூக்கிக்கொண்டுதான் போனான். கடைசித் தடவை பதினொரு மாதம் தெருவில். இங்கே எத்தனை நாளோ, கடவுளே.

மார்ச் 14
கடைக்குப் போயிருந்தான். அறை பூட்டவில்லை. பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கினேன். சாமி படம் மாட்டினேன்.

வந்து பார்த்தான். “இதுவும் உன் வீடுதானாக்கா?” அவ்வளவுதான். துணியையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

மார்ச் 15
வரவில்லை. நல்லதுதானே செஞ்சேன்? என்ன தப்பு பண்ணிட்டேன்?

உதவியாளர் பெண் கோபப்படவில்லை. “நானே தட்டாம உள்ள போறதில்லம்மா. வாங்கன்னு சொல்றதும் வேணாம்கறதும் அவர் இஷ்டம். அறை அவருக்காக அப்படியே இருக்கும்.”

என் வீட்டில் அவன் கூடத்தில் படுத்தான். நாங்கள் எல்லோரும் அவனைத் தாண்டித்தான் நடந்தோம். அவனுக்கென்று ஒரு கதவு இருந்ததா? இதை நான் யோசித்ததே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
டிரைவர் போன் செய்தார். “வந்துட்டான்மா. ‘இன்னிக்கு என் முறை’ன்னு நேரா அடுப்படிக்குப் போயிட்டான். இன்னிக்கு உப்பு தூக்கல்.”

நன்றி, கடவுளே.

ஏப்ரல் 2
தட்டினேன்.

“யாரு?”

“அக்கா.”

“இரு, வரேன்.”

வெளியே நின்றேன். நாற்பத்தொன்று எண்ணியதும் திறந்தான். சாமி படம் ஜன்னலோரம் இருந்தது. நான் அதை மாட்டிய ஆணியில் அவன் சட்டை.

கிளம்பும்போது நீலப் பையை மடித்துக் கையில் கொடுத்தான். “எடுத்துட்டுப் போக்கா. இடத்தை அடைக்குது.”

பஸ்ஸில் உட்கார்ந்ததும் உள்ளே கைவிட்டுத் துழாவினேன். ஒன்றுமே இல்லை.