அவிழ்க்காத முடிச்சு

மார்ச் 3

சாரக்காரருக்கு,

வந்து சேர்ந்தேன். எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப் போடும் வேலை. பெட்டியைச் சுற்றி நீங்கள் போட்ட கடுமுடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினேன். சாரம் கட்டுகிற கைக்குப் பெட்டியும் கட்டடமும் ஒன்றுதானா? இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும், "அப்ப மூட்டையைக் கட்டு" என்று கத்தியது நீங்கள். உட்கார்ந்து கட்டிக் கொடுத்ததும் நீங்கள். எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கட்டுப் போடுகிறவள்


மார்ச் 19

கட்டுக்காரிக்கு,

கட்டினவனை விட்டுவிட்டு ஊரார் காலைக் கட்டுகிறாயே, நியாயமா?

இன்று ஒரே பனிமூட்டம். மேலே ஏறினால் கட்டடமே தெரியவில்லை. கை மட்டும் மூங்கிலோடு மூங்கிலைக் கட்டிக்கொண்டே போனது. ஒன்றுமில்லாததைச் சுற்றிச் சாரம் கட்டுகிற மாதிரி இருந்தது. கீழேயிருந்து மேஸ்திரி, "என்னய்யா, தூங்கிட்டியா?" என்றார். "இல்ல, வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ இல்லாத வீடும் அப்படித்தான் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

சாரக்காரருக்கு,

பெரிய டாக்டர் என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு கனவு. வார்டில் எல்லாருடைய கட்டும் பிரிந்து, ஒரே வெள்ளைத் துணியாக ஜன்னல் வழியே போகிறது. பிடித்துக்கொண்டே நடக்கிறேன். மறுமுனை உங்கள் சாரத்தில் இருக்கிறது. எழுந்து அழுதேன்.

இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது, தளர்த்தினால் எலும்பு சேராது. உங்களுக்கு இதை யார் சொல்வது? அன்றைக்கு "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கட்டுப் போடுகிறவள்


ஏப்ரல் 11

கட்டுக்காரிக்கு,

வாயில் வராததெல்லாம் எனக்குக் கையில்தான் வரும். பெட்டியை அப்படி இறுக்கியது அதனால்தான்.

உன் மீதித் துணிகளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். உருவு முடிச்சு. நுனியை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். சாரத்தில் இப்படிக் கட்டினால் ஆள் விழுவான். உனக்குக் கட்டலாம். அங்கேயே இருக்க ஆசையென்றால் இரு. கோபமில்லை. வீடுதான் பெரிசாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 20

என் சாரக்காரருக்கு,

பொட்டலம் வந்தது. நுனியை இழுக்கவில்லை. அதன் மேலேயே உங்கள் கடுமுடிச்சைப் போட்டு, காலை வைத்து அழுத்தி இறுக்கினேன். வார்டே வேடிக்கை பார்த்தது.

டாக்டரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் மட்டும் யாரும் கால் உடைத்துக்கொள்வதில்லையா என்ன? அங்கே வேலை தேடுவேன். அதற்கும் மூட்டை கட்டச் சொன்னால் நடக்கிறதே வேறு.

ஞாயிறு சாயங்காலம் வருகிறேன், பொட்டலத்தோடு. கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள். நீங்களே உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் இருப்பேன்.

உங்களைக் கட்டிக்கொண்டவள்