யாரும் குனிய வேண்டாம்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் சின்னவளும் சுகம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லி ஒரே அடம். நான்தான் சமாதானம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். போனில் பேசும்போது உங்களைச் சுற்றி அறையில் இருப்பவர்களின் சத்தம் கேட்கிறது. பாதி விஷயம் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. அட்டைப்பெட்டி ஆலையில் யோகா சொல்லித்தர என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலை ஷிப்டு தொடங்குவதற்கு முன்பு, சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வகுப்பு. தையல்கடை மாடியில் பெண்களுக்கு நடத்தும் வகுப்பை நம்பினால் அடுப்பு எரியாது என்பது உங்களுக்கே தெரியும். ஒருத்தி வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான்கு பேர் வரமாட்டார்கள். இந்தச் சின்ன ஊரில் மாதம் தவறாமல் சம்பளம் தரும் இடம் ஆலை ஒன்றுதான். அதில் எனக்கும் ஒரு மூலை கிடைத்ததே என்று இருக்கிறது.

லோடு ஏற்றும் பிரிவு ஆட்கள்தான் என் மாணவர்கள். முதல்நாள் பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். இப்போது பரவாயில்லை. அதில் ஒருவரை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூச்சை மெதுவாக விடுங்கள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் விட்டு முடித்துவிட்டு, "அடுத்தது என்ன டீச்சர்?" என்பார். உங்கள் அண்ணனும் வருகிறார். எப்போதும் கடைசி வரிசைதான். தம்பி பெண்டாட்டி சொல்லிக் கையையும் காலையும் தூக்க அவருக்குக் கூச்சம். நானும் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

நேற்று அவசரத்திடம், "உங்க இடது தோள் சரியில்ல, கையை முழுசாத் தூக்காதீங்க" என்று சொன்னேன். மேனேஜர் டீ டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும், "உங்களுக்கு நல்ல கண்ணு டீச்சர். ஒரு பார்வையிலயே கண்டுபிடிச்சிடுறீங்க" என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி.

*

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஆலை வேலையைப் பற்றி நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. நீங்கள் எழுதியது வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அவசரத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோள் சரியில்லாதவன் லோடு ஏற்ற முடியாதாம். தோள் சரியில்லை என்பது ஆலைக்கு எப்படித் தெரியும்? என் வாயால்தான் தெரியும்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "லோடு பிரிவுல ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. யாரைக் குறைக்கிறதுன்னு நாங்க குருட்டாம்போக்குல முடிவு பண்ணினா அது பாவம் இல்லையா? யாருக்கு முதுகு போச்சு, யாருக்கு முட்டி போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எழுதிக்கூடத் தரவேண்டாம், வாயால சொன்னாப் போதும்" என்றார். அது என் வேலை இல்லை சார் என்றேன். "உங்க வேலை என்னன்னு சம்பளம் கொடுக்கிறவங்கதானே சொல்லணும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஊர்கிறது.

வகுப்பு இப்போது வகுப்பாக இல்லை. வலிக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. முன்பெல்லாம் முடியாது என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறவர்கள்கூட, இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறார்கள். நான் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. போலீஸ்காரரைப் பார்த்த மாதிரி என்னைப் பார்க்கிறார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கு இடுப்பு போயிருக்கிறது. குனியும்போது வலது காலை ஒரு விரல் அளவு வெளியே தள்ளி வைக்கிறார், எழும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். மற்றவர்களைவிடத் தாழ்வாகக் குனிவதும் அவர்தான். நிமிரும்போது முகம் வெளுத்துப்போய் இருக்கிறது. போதும் நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் அதுவே அவரைக் கை நீட்டிக் காட்டின மாதிரி. சொன்னால் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் முதுகு போகும்.

உங்கள் அண்ணியிடம் போய் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. "தினம் நான்தான் தைலம் தேய்ச்சு விடுறேன், எனக்குத் தெரியாதா? நீ பார்த்ததைப் பார்க்கலைன்னு இரு. உன் வாய் ஒரு குடும்பத்தைக் கெடுத்தது போதும்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து எல்லாரையும் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டேன். கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி மட்டும். படுத்திருப்பவர்களில் யாருக்கு இடுப்பு நல்ல இடுப்பு, யாருக்குக் கெட்ட இடுப்பு என்று எவரால் சொல்ல முடியும்? சிலர் நிஜமாகவே குறட்டை விட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "தூங்க வைக்கிறதுக்கா உங்களைக் கூப்பிட்டோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எத்தனை நாளைக்கு இப்படி ஓட்ட முடியும் என்று தெரியவில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. நான் விட்டால் வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அவருக்கு உங்கள் அண்ணன் யாரோ எவரோதானே என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

குழப்பத்தில் இருக்கும்,
உங்கள் மனைவி.

*

அன்புள்ள அத்தானுக்கு,

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதும் முன்பே நடக்கவேண்டியது நடந்துவிட்டது. ஊரில் யாராவது உங்களுக்குப் போன் செய்து வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்று மேனேஜர் வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார். படுத்திருந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். "குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிமிரக்கூடாது" என்றார். "இது என் வகுப்பு. யாரும் குனிய வேண்டாம்" என்றேன். என் குரல் அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. ஆனாலும் குனிந்தார்கள் அத்தான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் குனிந்தார்கள். முதலில் குனிந்தது உங்கள் அண்ணன்.

நிமிரச் சொன்னபோது அவரால் நிமிர முடியவில்லை. பாதியில் நின்றுவிட்டார். கைகள் காற்றில் எதையோ தேடின. நான் ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். "போ. தொடாதே. எல்லாரும் பார்க்கிறாங்க" என்று பல்லுக்குள் சொன்னார். நான் விடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தலைக்குக் கீழே என் விரிப்பைச் சுருட்டி வைத்தேன். அவர் கண்ணிலிருந்து வடிந்த நீர் வலியினாலா, அவமானத்தினாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேனேஜர் அப்போதும் வாசலில்தான் நின்றிருந்தார்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறதாம். அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி சொல்லப்போவதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை அவர் முகத்தில்தான் பயம். முதலாளி விசாரிக்க வருகிறாராம். "டீச்சர் தப்பா வளைக்கச் சொன்னதால வந்த வினைன்னு அவர் முன்னால ஒரு வார்த்தை நீங்களே சொல்லிடுங்க. உங்க பெரியத்தானுக்கு வாசல்ல உட்கார்ந்து லாரி வரவு பார்க்கிற வேலையை நான் வாங்கித் தர்றேன். இல்லேன்னா கனம் தூக்க முடியாதவருக்கு இங்க என்ன வேலைன்னு முதலாளியே கேட்பார்" என்றார். அவசரத்தையும் திரும்ப எடுக்கவேண்டும் என்றேன். முடியாது என்றார். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஒருவருக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி முன்னால் சொல்லிவிட்டேன். ஆமாம், என் தவறுதான், நான்தான் அப்படிக் குனியச் சொன்னேன் என்று. உங்கள் அண்ணனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் நான் சொன்னதெல்லாம் வீணாகியிருக்கும்.

ஆலை வகுப்பு அன்றோடு போயிற்று. இந்த ஊரில் ஒரு பேச்சு தெருமுனை திரும்புவதற்குள் தலை, வால் முளைத்துவிடும். நான் ஒரு ஆளின் முதுகை ஒடித்தவள் என்று மாவு மில் வரைக்கும் பேச்சு. தையல்கடை மாடிக்கு இப்போது இரண்டே பேர்தான் வருகிறார்கள். அதில் ஒருத்தி கீழ்க்கடைத் தையல்காரி. "குனிஞ்சு குனிஞ்சு தைச்சே என் முதுகு ஒடிஞ்சு போச்சு. நீ புதுசா என்னத்தை ஒடிக்கப் போறே, சொல்லிக் கொடு" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவசரத்தைச் சந்தையில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூலிக்காக நிற்கும்போது பார்த்தேன். எனக்கு முகம் கொடுக்காமல் போய்விட்டார். அவர் கோபம் நியாயமானதுதான்.

உங்கள் அண்ணி இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவரிடம் நீங்கள் எதையும் விளக்கவேண்டாம். உங்கள் அண்ணனிடமும் கேட்கவேண்டாம். நேற்றுக் காலை ஆலை வாசல் வழியாகச் சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஒரு கையை மேசையிலும் ஒரு கையைத் தொடையிலும் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். அந்த உடம்புக்கு அது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நாங்கள் தாண்டிப் போகும் வரைக்கும் உட்காரவில்லை. "பெரியப்பா ஏம்மா நிக்கிறாரு?" என்று சின்னவள் கேட்டாள். வண்டி ஏதாவது வருதோ என்னவோ என்று சொல்லிவிட்டேன்.

அத்தான், நீங்களும் அங்கே மூட்டை தூக்கும் வேலையில்தான் இருக்கிறீர்கள். போனில் எப்போது கேட்டாலும் 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்' என்கிறீர்கள். இங்கே தினம் காலையில் அத்தனை பேரும் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரின் முதுகைப் பார்த்துவிடுவேன். அவ்வளவு தூரத்தில் இருக்கும் உங்கள் முதுகை எப்படிப் பார்ப்பேன்? எங்கே வலிக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். பணம் அனுப்பக் கொஞ்சம் தாமதமானாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம். உங்கள் கையால் எழுதியது வரவேண்டும், சின்னவளும் நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
மனைவி.