உன் மகனின் புது விளையாட்டு

அக்காவுக்கு,

எஸ்டேட்டில் காய்ச்சல் என்று என்னிடம் விட்டுப்போன உன் மகன் நன்றாக இருக்கிறான். இங்கே காஜா பேராங்கில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். நறுக்கும்போது ஒன்று, இரண்டு என்று துண்டுகளை அவன் கையில் வைப்பேன். சிரட்டையில் தண்ணீர் மொண்டு என்மேல் ஊற்றுவான்.

ஜப்பான்காரனின் சயாம் ரயில் வேலைக்கு ஆள் அனுப்பும் பட்டியலில், எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி அத்தான் தன் தம்பி பெயரை அடித்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரை எழுதினாராமே. ஆபீஸ் பியூன் சொன்னார். உனக்கும் தெரியுமாம். அங்கே செத்துப்போன என் வீட்டுக்காரருக்குக் காரியம் செய்ய எலும்புகூட வரவில்லை.

இப்போது புது விளையாட்டு பழக்குகிறேன். "மூக்கு எங்கடா?" என்றால் தொடுகிறான். "அம்மா எங்க?" என்றால் என் மடியில் விழுகிறான். "அப்பா எங்க?" என்றால் சுவரில் இருக்கும் என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டிச் சிரிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. அவரை எதிரில் உட்கார வைத்துப் பிள்ளையிடம் கேட்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்