முயல் வருஷத்துப் பிள்ளை

காஜா பெராங்,
மலாக்கா.
6.10.1957

விஜயாவின் அப்பாவுக்கு,

வணங்கி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு இருமல் குறைந்து, ரத்தம் வருவதும் நின்றுவிட்டது என்று படித்ததும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனால் அதே கடிதத்தில், பாதி வைத்தியத்தோடு, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரி வேலைக்குத் திரும்பப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

காலையில் தெங்கேரா ரொட்டிக்கடை, மதியம் பள்ளிக்கூடம் என்று விஜயா ஓடுவது உங்களுக்குத் தெரியும். அந்த அரைநாள் சம்பளத்தில்தான் வாடகையும் அரிசியும். இப்போது முதலாளிகளும் தொழிலாளர் சங்கமும் பேசி, ரொட்டிக்கடைகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதானே என்று இருந்தேன். பார்த்தால், பதினெட்டு ஆகாத, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் அதைவிடக் குறைவாம்! குறைத்தால் இவள் படிப்பை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கடையில் நிற்க வேண்டியதுதான். சீனியர் பரீட்சையோ வாசலில் வந்து நிற்கிறது.

கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, என்னைக் கூப்பிட்டு இவள் வயசைக் கேட்டார். நம் வழக்கப்படி, பதினெட்டு நடக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டினார். வீட்டில் சொன்னதும் உங்கள் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நடக்கிறதெல்லாம் கணக்கில்லம்மா, முடிஞ்சது பதினேழுதான் என்றாள். வாயை மூடிக்கொண்டு இருடி என்றேன். கேட்டால்தானே! அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறாள். மறுநாள் நேரே தவுக்கேயிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பொங்கலுக்கு மறுநாள் பிறந்தவள் என்று கேட்டதும் விரல்விட்டு எண்ணினாராம். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன்னால் பிறந்ததால் இவள் முயல் வருஷத்துப் பிள்ளையாம். பிறக்கும்போதே ஒரு வயசாம், அடுத்த மாதமே பெருநாள் வந்ததும் இரண்டாம். அவர் கணக்கில் இவளுக்குப் பத்தொன்பதாம்! பக்கத்தில் நின்ற சங்கத்து மாணிக்கவாசகம் சிரித்துவிட்டு, கொறைச்சுக் கொடுக்கலாம்னுதான் பேசினோம் தவுக்கே, கொறைச்சே ஆகணும்னு யாரும் சொல்லல என்றாராம். யார் செய்தாலும் ரொட்டியைத் தாளில் சுற்றுகிற வேலை ஒன்றுதானே, சம்பளக் காஜியும் ஒன்றுதான் என்று தவுக்கே முடித்துவிட்டார்.

அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். எதிர்க்கடைப் பிள்ளைகளுக்கு இந்த மாதமே குறைத்துவிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நம் சந்தோஷத்தை வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. தவுக்கே வீட்டுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினேன். அவர் சம்சாரம் பாத்திரத்தை வெறுமனே அனுப்பாமல் ஆரஞ்சுப் பழம் போட்டு அனுப்பியிருந்தார். கண் கலங்கிவிட்டது.

ஆகவே கையெழுத்துப் பேச்சை இத்தோடு விடுங்கள். டாக்டர் போகச் சொல்லும்வரை அந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வருகிற பொங்கலுக்கு மறுநாள் இவளுக்கு எல்லார் கணக்கிலும் பதினெட்டு நிறைந்துவிடும். அன்றைக்கு உங்கள் கையால் அவளுக்குத் திருநீறு பூச வேண்டும். டாக்டர் விடவில்லை என்றால் பஸ் ஏறிப் பிள்ளையை நானே அங்கே கூட்டிவருகிறேன். நீங்கள் எங்கும் வர வேண்டாம். இருந்தால் போதும்.

உங்கள் பாதம் தொட்டு,
சந்திரமதி