மாதேஷின் வலது கை

செவ்வாய், இரவு. ஹா லாங் விரிகுடா, படகில் இரண்டாம் நாள்.

உற்பத்தியில் எங்கள் லைன் முதலிடம் பிடித்ததற்காக, கம்பெனி லைன் சூப்பர்வைசரான என்னையும் மேனேஜரையும் இந்த மூன்று நாள் வெளிநாட்டுப் படகுப் பயணத்துக்கு அனுப்பியிருக்கிறது. கிருஷ்ணகிரி மலையைப் பிய்த்துப் பிய்த்துக் கடலில் நட்டதுபோல் சுற்றிலும் தீவுகள். மத்தியானம் வரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஓசூரிலிருந்து ஃபிட்டர் நாகராஜ் கூப்பிட்டான்.

"சார், நேத்து நைட் ஷிப்டுல நம்ம மாதேஷு கை பிரஸ்ல மாட்டிக்கிச்சுங்க. வலது கை. நாலு விரல் போயிருச்சு."

தகட்டை அழுத்தும் அந்த பிரஸுக்குள் கை போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று போன மாதம் கழற்றச் சொன்னவன் நான். "ஒண்ணும் ஆவாதுங்களா சார்?" என்று அந்த மெஷினை ஓட்டும் மாதேஷ் கேட்டான். சிரித்துவிட்டுப் போனேன்.

மேனேஜருக்கு நேற்று இரவே தெரிந்திருக்கிறது. இறாலை உரித்தபடியே சொன்னார்: "சென்சார் திரும்ப மாட்டியாச்சு. தூக்கக் கலக்கத்துல அவனே கைய விட்டான்னு ரிப்போர்ட். நீயும் அதையே சொல்லு."

தலையாட்டினேன். பிறகு எல்லோரோடும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாதேஷின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "தூங்கிட்டாருன்னு சொல்றாங்க சார். அவரு தூங்கறவரு இல்லீங்க. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க."

"வந்து பாத்துக்கறேம்மா" என்றேன்.

கழற்றச் சொன்னது நான்தான். இந்த நோட்டில் எழுத முடிகிறது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.